என் மகன் பியாஜேவிடம் தோற்றுவிட்டானா?

பாலக்காடு மாவட்டம், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு தாய் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

அவர் தினமும் காலையில் பஸ் ஏறி, எல்லை தாண்டிப் பொள்ளாச்சிப் பக்கம் பி.எட். படிக்கப் போகிறார். கணவருக்குக் கோவையில் வேலை, வாரக் கடைசியில்தான் வீடு. மகனுக்கு 3 வயது 9 மாதம். பகலில் அங்கன்வாடி, மற்ற நேரம் மாமியார் பொறுப்பு. பி.எட். பாடத்தில் வளர்ச்சி உளவியல் வந்ததிலிருந்து இவருக்குத் தூக்கம் போய்விட்டது. குழந்தைகளின் சிந்தனை வளர்வதை ஆராய்ந்த சுவிஸ் உளவியலாளர் பியாஜேயின் தண்ணீர்ச் சோதனையை வீட்டில் செய்து பார்த்தார், மகன் தவறாகச் சொன்னான். கடலை மிட்டாயை முன்னால் வைத்து, “அம்மா வரும்வரை தின்னாமல் இருந்தால் இரண்டு தருவேன்” என்றார், கதவைத் தாண்டும் முன்பே மிட்டாய் காலி. டம்ளரை உடைத்துவிட்டு “பூனை உடைச்சது” என்கிறான். அப்பத்தாவைச் சில நேரம் “அம்மா” என்கிறான். மாலையில் இவர் வந்ததும் ஓடி வந்து கட்டிக்கொள்கிறான், பத்து நிமிடத்தில் அடிக்கிறான், அழுகிறான். நாத்தனார் குழந்தை 10 மாதத்தில் நடந்ததாம், இவன் 15 மாதத்தில்தான் நடந்தான்.

பேச்சும் தெளிவாக இல்லை. வீட்டில் தமிழ், அங்கன்வாடியில் மலையாளம், இரண்டையும் கலந்து பேசுகிறான். டீச்சருக்குப் பாதிதான் புரிகிறது, வீட்டில் மாமியாரும் “என்னடா சொல்றே” என்று இரண்டு மூன்று முறை கேட்க வேண்டியிருக்கிறது. “ரெண்டு மொழியும் குழப்புது, இனிமேல் வீட்டில் இங்கிலீஷ் மட்டும்” என்று கணவர் முடிவெடுத்திருக்கிறார். இடையில் போகிற போக்கில் இப்படி ஒரு வரி: “சளி பிடித்தால் காதில் சீழ் வடியும், அத்தை எண்ணெய் காய்ச்சி ஊற்றுவார்கள், நின்றுவிடும். டிவி சத்தத்தைக் கூட்டி வைப்பான், பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்ப மாட்டான், விளையாட்டில் அவ்வளவு மும்முரம்.”

கடைசியில் அவருடைய கேள்வி: “முதல் மூன்று வருடம்தான் அஸ்திவாரம் என்று படித்தேன். அதைத் தவறவிட்டுவிட்டேனா? படிப்பை விட்டுவிட்டு வீட்டில் இருக்கட்டுமா?”

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கேள்விகளில் பலவற்றுக்குப் பதில் எளிது. பையன் தன் வயதுக்கு ஏற்றபடிதான் இருக்கிறான். நான் நின்று மறுபடி படித்தது காதைப் பற்றி நீங்கள் எழுதிய அந்த வரியை. அதற்குக் கீழே விரிவாக வருகிறேன். மீதி எதை விட்டாலும் அதை விடாதீர்கள். ஆனால் முதலில் பியாஜேயைக் கொஞ்சம் இறக்கி வைப்போம், அவர் தோளில் உட்கார்ந்திருக்கும்வரை வேறெதுவும் உங்கள் காதில் ஏறாது.

பையன் தோற்கவில்லை

இரண்டு எவர்சில்வர் டம்ளரில் சமமாகத் தண்ணீர் எடுத்து, ஒன்றை மட்டும் ஒல்லியான பாட்டிலில் ஊற்றி, “எதில் அதிகம்?” என்று கேட்டிருக்கிறீர்கள். பாட்டிலைக் காட்டினான். உங்கள் பாட நூலின்படியே அது எதிர்பார்க்கப்பட்ட பதில்தான். பியாஜே 2 முதல் 7 வயது வரையுள்ள கட்டத்தைச் செயலுக்கு முந்தைய நிலை என்றார். பாத்திரத்தின் வடிவம் மாறினாலும் அளவு மாறாது என்பது பெரும்பாலான குழந்தைகளுக்கு 6, 7 வயதுவாக்கில்தான் பிடிபடும். நான்கு வயதுகூட ஆகாத பையன் சரியாகச் சொல்லியிருந்தால்தான் நான் ஆச்சரியப்பட்டிருப்பேன். (எவர்சில்வருக்குள் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று அவனுக்குத் தெரிந்ததா என்பது வேறு விஷயம்.)

பியாஜே இந்த வேலைக்கு வந்த கதையை உங்கள் வகுப்பில் சொன்னார்களா தெரியவில்லை. 1920 வாக்கில் பாரிசில் குழந்தைகளுக்கான அறிவுத்திறன் சோதனைகளைச் சீர்செய்யும் வேலை அவருக்குக் கிடைத்தது. சரியான விடைகளை எண்ணுவதுதான் வேலை. அவருக்கோ தவறான விடைகள்தான் ருசித்தன. ஒரே வயதுக் குழந்தைகள் ஒரே மாதிரித் தவறுகிறார்களே, அப்படியானால் அந்தத் தவறுக்குப் பின்னால் ஒரு யோசனை முறை இருக்கிறது என்று பிடித்துக்கொண்டார். பின்னாளில் அமெரிக்காவில் பேசப் போனபோதெல்லாம், “இந்தக் கட்டங்களைச் சீக்கிரம் கடக்க வைக்க முடியுமா?” என்று கேட்பார்களாம். அதற்கு அவர் வைத்த பெயர் ‘அமெரிக்கக் கேள்வி’. அவருக்கு அந்த அவசரத்தில் நம்பிக்கையில்லை. அவர் பெயரைச் சொல்லி நம் வீட்டுக் குழந்தைக்குப் பாஸ், பெயில் போடுவது அவருக்கே பிடித்திருக்காது.

அவருடைய கட்டங்களும் கல்லில் வெட்டியவை அல்ல. 1974இல் மெக்காரிகிள், மார்கரெட் டொனால்ட்சன் இருவரும் அதே சோதனையைச் சற்று மாற்றினார்கள். இரண்டு வரிசை வில்லைகளில் ஒன்றைப் பெரியவர் கலைக்காமல், ஒரு குறும்புக்காரக் கரடி பொம்மை வந்து கலைத்தது போலச் செய்தார்கள். அப்போது மிக அதிகமான குழந்தைகள் “எண்ணிக்கை அதேதான்” என்றார்கள். பெரியவர் வேண்டுமென்றே மாற்றிவிட்டு அதே கேள்வியை மறுபடி கேட்டால், “முதலில் சொன்னது தப்பு போல” என்றுதான் குழந்தை நினைக்கும். நீங்கள் எத்தனை முறை கேட்டீர்கள்? மூன்று முறை என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்றாவது முறை அவன் இரண்டையும் காட்டியது உங்கள் முகத்தைப் பார்த்து.

கடலை மிட்டாய் விஷயத்தில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஸ்டான்ஃபோர்டில் வால்டர் மிஷெல் செய்த சோதனையைத்தான் நீங்கள் பின்பற்றினீர்கள். காத்திருந்த குழந்தைகள் பிற்காலத்தில் நன்றாக வந்தார்கள் என்று அது பேர் வாங்கியது. 2018இல் பெரிய எண்ணிக்கையில் குழந்தைகளை எடுத்துத் திரும்பப் பார்த்தபோது, குடும்பச் சூழலையும் கணக்கில் சேர்த்ததும் அந்தத் தொடர்பு பெருமளவு சுருங்கிப்போனது. மிட்டாய் போனால் போகட்டும்.

நடந்ததற்கும் அப்படித்தான். உலக சுகாதார நிறுவனம் இந்தியா உள்பட ஐந்து நாடுகளின் குழந்தைகளைப் பார்த்து 2006இல் வெளியிட்ட கணக்கில், தனியாக நடப்பதற்கான இயல்பான கால இடைவெளி 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதம் வரை. நாத்தனார் குழந்தையும் உங்கள் குழந்தையும் அதற்குள்தான் வருகிறார்கள். இதே காரணத்துக்காகத்தான் திருவனந்தபுரம் குழந்தை வளர்ச்சி மையத்தில் உருவாக்கிய வளர்ச்சி அட்டவணையில் ஒவ்வொரு செயலுக்கும் ஒரு புள்ளி வைக்காமல் ஒரு பட்டை வரைந்திருப்பார்கள். பட்டையின் இடது முனையில் செய்கிற குழந்தையும் வலது முனையில் செய்கிற குழந்தையும் ஒன்றுதான். பட்டை முழுக்கத் தாண்டிய பிறகும் செய்யவில்லையென்றால்தான் டாக்டரிடம் காட்ட வேண்டும். உங்கள் நோட்டில் இருக்கிற வயதுகளையும் இப்படிப் பட்டையாக நினைத்துப் படித்தால் பாதிப் பயம் போய்விடும்.

பூனை உடைத்த டம்ளர்

பொய் சொல்கிறானே என்று கலங்கியிருக்கிறீர்கள். பொய் சொல்ல ஒரு குழந்தைக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று யோசியுங்கள். ‘எனக்குத் தெரிந்தது அம்மாவுக்குத் தெரியாது’ என்பது தெரிந்திருக்க வேண்டும். 1983இல் விம்மர், பெர்னர் என்ற இருவர் இதைச் சோதிக்க ஒரு கதை செய்தார்கள். பையன் சாக்லேட்டை ஓர் அலமாரியில் வைத்துவிட்டு வெளியே போகிறான், அம்மா அதை வேறு அலமாரிக்கு மாற்றிவிடுகிறாள், திரும்பி வந்த பையன் எங்கே தேடுவான்? மிகச் சிறிய குழந்தைகள், சாக்லேட் இப்போது இருக்கும் இடத்தைக் காட்டுவார்கள். ஏறத்தாழ 4 வயதிலிருந்துதான் ‘அவனுக்குத் தெரியாதே, அதனால் பழைய இடத்தில்தான் தேடுவான்’ என்று சொல்ல வரும். உங்கள் மகன் அந்த வாசலில் நிற்கிறான். பூனையைச் சாட்டியது ஒழுக்கக் கேடு இல்லை, அடுத்தவர் மனம் தனி என்று புரிய ஆரம்பித்ததன் அறிகுறி.

அதற்காகப் பொய்யைப் பாராட்ட வேண்டாம். அவன்தான் உடைத்தான் என்று உங்களுக்குத் தெரியும்போது “யார் உடைச்சது?” என்று கேட்காதீர்கள், அவ்வளவுதான். “டம்ளர் உடஞ்சுபோச்சு, தள்ளி நில்லு, காலில் குத்தும், சேர்ந்து கூட்டலாம்” என்றால் போதும். கணவர் அடி கொடுத்தால் திருந்துவான் என்கிறாராம். கடுமையான தண்டனை தரும் பள்ளியையும் தராத பள்ளியையும் ஒப்பிட்ட ஆய்வு ஒன்றில், அடிவாங்கும் பள்ளிக் குழந்தைகள்தான் அதிகம் பொய் சொன்னார்கள், மாட்டிக்கொள்ளாமல் சொல்லவும் கற்றிருந்தார்கள். இதை அவரிடம் காட்டுங்கள்.

அப்பத்தாவும் அம்மாதான்

குழந்தை தன்னை வளர்ப்பவரிடம் ஒட்டிக்கொள்வதைப் பற்றிய பௌல்பியின் பற்றுறவுக் கோட்பாட்டைப் படித்துவிட்டுத் தாய் என்றால் ஒரே ஆள், அந்த ஆள் நாள் முழுக்கப் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்று எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். ஆரம்பத்தில் பௌல்பியின் எழுத்தில் அந்தச் சாயல் இருந்தது உண்மைதான். ஆனால் அவரோடு சேர்ந்து இந்தத் துறையை வளர்த்த மேரி ஐன்ஸ்வொர்த், 1950களின் நடுவில் உகாண்டா கிராமங்களில் வீடுவீடாக உட்கார்ந்து பார்த்தவர். பாட்டி, அத்தை, அக்கா எல்லாரும் தூக்கி வளர்க்கும் குழந்தைகளும் தாயிடம் பத்திரமாக ஒட்டியிருப்பதை அங்கே கண்டார். 1964இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் ஷாஃபர், எமர்சன் இருவரும் 60 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். ஒன்றரை வயதுக்குள் பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒன்றுக்கு மேற்பட்டவர்களிடம் பற்று வந்திருந்தது.

அப்பத்தாவை அம்மா என்று கூப்பிடுவதால் உங்களிடமிருந்து எதுவும் குறைந்துவிடவில்லை. நீங்கள் வந்ததும் ஓடி வந்து கட்டிக்கொள்கிறானே, அதுதான் பற்றுக்கு அடையாளம். அப்புறம் அடிப்பதும் அழுவதும்? நாள் முழுக்க அடக்கி வைத்ததைக் கொட்டப் பத்திரமான ஆள் வந்துவிட்டார் என்றுதான் நான் அதைப் படிப்பேன். வந்ததும் சமையலறைக்குப் போகாமல் அவனோடு கீழே உட்காருங்கள். போனும் வேண்டாம், பாடமும் வேண்டாம். கால் மணி நேரம் அவன் சொல்கிற விளையாட்டு. ஒரு வாரத்தில் அந்த அடி குறைகிறதா என்று பாருங்கள்.

இரண்டு மொழியின் மேல் பழி போடாதீர்கள்

எல்லைப்புறத்தில் இருக்கும் நமக்கு இந்தப் பயம் பழையது. ஒரு காலத்தில் ஆராய்ச்சியாளர்களே இருமொழிக் குழந்தைகள் மந்தமாகிவிடுவார்கள் என்று எழுதினார்கள். 1962இல் மான்ட்ரியல் நகரில் பீல், லாம்பர்ட் செய்த ஆய்வு அதைத் தலைகீழாக்கியது. குடும்பப் பின்னணி ஒத்த குழந்தைகளை ஒப்பிட்டபோது இரு மொழி தெரிந்தவர்கள் பின்தங்கவில்லை, பல சோதனைகளில் முந்தினார்கள். சித்தூர்த் தாலுகாவில் தமிழும் மலையாளமும் கலந்து பேசி வளர்ந்தவர்கள் எத்தனை பேர்! கலந்து பேசுவது குழப்பம் இல்லை, கையில் இருக்கிற இரண்டிலிருந்தும் எடுத்துக்கொள்கிறான். சொல் வளத்தை அளப்பதானால் இரண்டு மொழிச் சொற்களையும் கூட்டி அளக்க வேண்டும்.

கணவரின் ‘இங்கிலீஷ் மட்டும்’ திட்டத்தைத் தயவுசெய்து நிறுத்தி வையுங்கள். உங்களுக்கும் மாமியாருக்கும் சரளமாக வராத மொழியில் பேசினால், பேச்சே சுருங்கிப்போகும். கதை போகும், கொஞ்சல் போகும், திட்டு வாங்குகிற சுகம்கூடப் போகும். எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்பது வேறு கேள்வி, அதற்கு அவசரமில்லை. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர மாநிலங்கள் வசதி செய்ய வேண்டும் என்று அரசியலமைப்பின் 350ஏ பிரிவு சொல்கிறது. உங்கள் பகுதியில் தமிழ் வழி வகுப்புள்ள பள்ளிகளையும் போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

ஆனால் ஒன்று. இரண்டு மொழியால்தான் பேச்சு தெளிவில்லை என்றால், பழகிய மொழியிலாவது தெளிவாக இருக்க வேண்டும். அவன் பேசும் மலையாளம் டீச்சருக்குப் புரியவில்லை, சரி. அவன் தமிழ் ஏன் கூடவே இருக்கும் அப்பத்தாவுக்கே புரியவில்லை? 4 வயதை நெருங்கும் குழந்தையின் பேச்சு, பழக்கமில்லாதவர்களுக்கும் பெரும்பாலும் புரிய வேண்டும். இரண்டு மொழியிலும் சிக்கல் என்றால் காரணம் மொழிகள் இல்லை, வேறு எங்கோ இருக்கிறது.

காதைப் பாருங்கள்

சிறு குழந்தைகளுக்கு மூக்குக்குப் பின்புறத்தையும் நடுக்காதையும் இணைக்கும் குழாய் குட்டையாக, அதிகம் சாய்வில்லாமல் இருக்கும். அதனால் சளி எளிதில் காதுக்குப் போய்விடும். செவிப்பறைக்குப் பின்னால் நீர் தேங்கினால் வலி இல்லாமலேயே கேட்பது மங்கும், காதில் விரலை அடைத்துக்கொண்டு கேட்கிற மாதிரி. சீழ் வெளியே வடிகிறது என்றால் பெரும்பாலும் செவிப்பறையில் ஓட்டை விழுந்திருக்கிறது என்று பொருள். இப்படிக் கேட்கிற குழந்தைக்கு உயிரெழுத்துகள் ஓரளவு கேட்கும், மெல்லிய மெய்யொலிகள் நழுவும். கேட்காத ஒலியை எப்படிச் சொல்வான்? சளி இருக்கும்போது மோசமாகவும், விட்டதும் நன்றாகவும் இருப்பதால், வீட்டில் “கேட்காத மாதிரி நடிக்கிறான்” என்பார்கள். நீங்கள் “மும்முரம்” என்று எழுதியிருக்கிறீர்கள்.

எண்ணெய் ஊற்றுவதை இன்றே நிறுத்துங்கள். மாமியார் அன்பில்தான் செய்கிறார், குற்றம் சாட்டும் தொனி வேண்டாம். “டாக்டர் பார்க்கிற வரைக்கும் எதுவும் விட வேண்டாமாம் அத்தை” என்று சொல்லுங்கள். பட்ஸும் வேண்டாம். குளிப்பாட்டும்போது வாசலின் தடவிய பஞ்சை வெளிக்காதில் வைத்துத் தண்ணீர் போகாமல் பாருங்கள்.

இந்த வாரமே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். பாலக்காடு மாவட்ட மருத்துவமனைக்கும் போகலாம், கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் போகலாம், கணவர் அங்கே இருப்பதால் அது சுலபமாக இருக்கலாம். சீழ் அடங்கியதும் கேட்புத்திறன் சோதனை கட்டாயம். இந்த வயதுக்கு அதை விளையாட்டாகவே செய்வார்கள்: சத்தம் கேட்டதும் ஒரு கட்டையைக் கூடையில் போட வேண்டும். செவிப்பறையின் அசைவை அளக்கும் வலியில்லாத சோதனை ஒன்றும் உண்டு. செலவைப் பற்றித் தயங்க வேண்டாம். 2013இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால ஸ்வாஸ்த்ய காரியக்ரம் என்ற தேசியத் திட்டம், 18 வயது வரையுள்ள குழந்தைகளுக்கு இலவசப் பரிசோதனையும் மேல்சிகிச்சையும் தருகிறது. அதன் பட்டியலில் கேட்புக் குறைபாடும் காது நோயும் பேச்சுத் தாமதமும் இருக்கின்றன. அங்கன்வாடி டீச்சரிடமோ ஆஷா பணியாளரிடமோ கேட்டால் வழி சொல்வார்கள். டீச்சரிடம் இன்னொன்றும் சொல்லுங்கள்: பையனை முன்னால் உட்கார வைத்து, முகம் பார்த்துப் பேசட்டும்.

காலம் தவறிவிட்டதா என்று கேட்டீர்கள். தவறினால் மீளவே முடியாத காலம் என்பது மிகச் சில விஷயங்களுக்குத்தான் உறுதியாகக் காட்டப்பட்டிருக்கிறது. ஹியூபெல், வீசெல் இருவரும் பூனைக்குட்டியின் ஒரு கண்ணைச் சில வாரங்கள் மூடி வைத்தால், பிறகு திறந்தாலும் அதில் பார்வை சரியாகத் திரும்பாது என்று காட்டியது அப்படிப்பட்டது. மொழிக்கு இருப்பது அவ்வளவு கறாரான கதவு இல்லை. மொழி கற்கும் பருவத்தைப் பற்றி 1967இல் எழுதிய லென்னெபர்க்கே அந்தக் கதவைப் பருவமடையும் வயதுவரை நீட்டித்தான் வைத்தார். மூன்று வயதோடு எதுவும் மூடிவிடவில்லை. ஆனாலும் காது மங்கியே ஒன்றிரண்டு வருடம் ஓடினால் பேச்சும் பின்னால் எழுத்தும் இழுபடும். உங்கள் கடிதத்தில் அவசரம் என்று ஒன்று இருந்தால் இதுதான்.

படிப்பை விடலாமா?

வேண்டாம் என்பது என் கருத்து. குற்ற உணர்ச்சியில் எடுக்கும் முடிவு, பிறகு அவன் மேலேயே எரிச்சலாகத் திரும்பும். நீங்கள் வேலைக்குப் போனால் அந்த வீட்டின் நிலைமையும் மாறும், அதுவும் அவனுடைய வளர்ச்சிச் சூழல்தான். மறுபக்கமும் சொல்கிறேன். சோதனையில் குறை தெரிந்து பேச்சுப் பயிற்சி தேவைப்பட்டால், சில மாதங்களுக்கு வாரத்தில் ஒருநாள் அலைய வேண்டியிருக்கும். அதைக் கல்லூரியில் முன்கூட்டியே பேசி வையுங்கள், சில நடைகளைக் கணவர் ஏற்றுக்கொள்ளட்டும். படிப்பை விடுவதற்கும் எல்லாவற்றையும் தனியாகச் சுமப்பதற்கும் நடுவில் நிறைய இடம் இருக்கிறது.

சோதனை முடிந்ததும் அறிக்கையின் நகலோடு எழுதுங்கள். அதில் ‘கடத்தல் வகைக் கேட்புக் குறைபாடு’ என்று இருந்தால் அதிர்ச்சி அடையாதீர்கள். ஒலி உள்காதுக்குப் போய்ச் சேரும் வழியில் தடை இருக்கிறது என்பதுதான் அதன் பொருள், மருந்தாலோ சிறு அறுவை சிகிச்சையாலோ பெரும்பாலும் சரியாகிற வகை அது. உள்காது சம்பந்தப்பட்டது என்று வந்தால் காது கேட்கும் கருவி பற்றிப் பேச வேண்டியிருக்கும், அப்போது அடுத்த கடிதத்துக்குக் காத்திருக்காமல் கேட்புத்திறன் நிபுணரிடம் அன்றே கேட்டுவிடுங்கள்.